பொற்பாதம் திட்டத்தில் ஒரு வலது கால்

எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியை மூடிய அன்று கேக் வெட்டினார்கள். மூடியதற்காக அல்ல. அதே கட்டிடத்தில், அதே காலை பதினொரு மணிக்கு, 'பொற்பாதம் தொலைமேற்பார்வை இல்லப் பயிற்சித் திட்டம்' தொடங்கப்பட்டதற்காக. தேயிலை விலை படுத்துவிட்ட வருடம் அது. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது, பாதிக் காட்டில் கொழுந்து பறிக்க ஆளில்லாமல் முற்றிக் கிடந்தது. ஒரு மூடுவிழாவையும் ஒரு திறப்புவிழாவையும் ஒரே கேக்கில் முடித்ததை எஸ்டேட்டை நடத்தும் துரையின் சிக்கனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் பெயர் அம்புரோஸ். அந்த ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் கம்பவுண்டர். டாக்டர் என்று ஒருவர் இருந்ததெல்லாம் பழைய கதை. கடைசிப் பதினைந்து வருடமும் காய்ச்சல், இருமல், அட்டைக்கடி எல்லாவற்றுக்கும் நான்தான். எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. ஆனால் புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் மட்டும் கொஞ்சம் கர்வம் உண்டு. சர்க்கரைப் புண்ணோடு கட்டபெட்டிலிருந்துகூட என்னைத் தேடி ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

திட்டத்தின் மாநில ஒருங்கிணைப்பாளர் அஜய் சென்னையிலிருந்து வந்திருந்தார். நல்ல வெள்ளை ஷூ. எங்கள் பெரட்டுக் களத்துச் சேற்றில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் மைதானத்தில், பலகை போட்டு அவரை மேடைக்கு அழைத்துப் போனார்கள்.

"நண்பர்களே," என்றார் அஜய். "இத்தனை நாள் நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடிப் போனார். இனிமேல் ஆஸ்பத்திரி நோயாளியின் வீட்டுக்கே வருகிறது. வீட்டுக்கு வந்துவிட்ட ஆஸ்பத்திரி இங்கேயும் இருக்க வேண்டிய அவசியம் என்ன? கட்டு, மருந்து, ஊசி, இதெல்லாம் போன நூற்றாண்டு. அசைவுதான் மருந்து. புண்ணை அளப்பது கொஞ்சம் சிரமம், அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. அசைவு அப்படியில்லை. அழகாக எண்ணலாம். ஆகவே நாங்கள் அசைவை எண்ணுகிறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கேக் இன்னும் வந்திருக்கவில்லை.

அந்தப் பயிற்சியை நான் குறை சொல்ல மாட்டேன். காலை ஊன்றாமல் உட்கார்ந்து, கணுக்காலை மடக்கி நீட்டி, விரல்களை விரித்துச் சுருக்கினால் பாதத்துக்கு ரத்தம் ஓடும். நல்லதுதான். புண்ணைக் கழுவி, செத்த சதையை எடுத்து, சுத்தமாகக் கட்டுப் போட்டு, தேவைப்பட்டால் பெரிய டாக்டரிடம் காட்டி, அதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது. இவர்கள் முன்னால் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு 'அதோடு'வை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. 'பாதத் தோழர்' ஆக்கினார்கள். நெஞ்சில் ஒரு பாதம் அச்சடித்த மஞ்சள் டீ-சர்ட் கொடுத்தார்கள். கூடவே ஒரு கையேடு. பாதத் தோழரின் கடமைகள் மூன்று: போனுக்குச் சார்ஜ் போடுவது, கட்டுத்துணிப் பொட்டலம் வந்தால் கொடுப்பது, நோயாளியின் பாதத்தைத் தொடாமல் இருப்பது. மூன்றாவதற்குக் கையேட்டில் ஒரு பக்கம் முழுக்க விளக்கம் இருந்தது. தொட்டால் தொலைமேற்பார்வையின் தூய்மை கெட்டுவிடுமாம்.

எங்கள் எஸ்டேட்டிலிருந்து திட்டத்தில் சேர்க்கப்பட்டது ஒரே ஆள். தெய்வம்மா.

தெய்வம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. நுவரெலியா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பதிமூன்று வயதில் கப்பல் ஏறி வந்தவள். வந்து நாற்பத்தைந்து வருடம் ஆகியும் லைன் வீட்டை லயம் என்பாள், அறையைக் காம்பிரா என்பாள். புருஷன் அழகையா இறந்து ஆறு வருடம். மகள் ராஜகுமாரி திருப்பூரில் பனியன் கம்பெனியில். ரப்பர் பூட்ஸுக்குள் கிடந்த ஒரு குச்சி வலது கட்டைவிரலுக்கு அடியில் குத்தியது தெரியாமல் ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்திருக்கிறாள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் அப்படித்தான் மரத்துப் போகும். பூட்ஸைக் கழற்றியபோது ரத்தம். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண்.

அந்தக் கால் போனால் வேலை போகும். வேலை போனால் காம்பிரா போகும். வீட்டில் ஒருவராவது எஸ்டேட் பேரேட்டில் இருந்தால்தான் லைன் வீடு. இதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "கம்பவுண்டரய்யா, இந்தக் கால மட்டும் காப்பாத்திக் குடுத்திருங்க," என்று கேக் தட்டோடு வந்து என்னிடம் கேட்டாள். நான் என் டீ-சர்ட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அவள் கணுக்காலில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். கால் மடங்கினால் பட்டை எண்ணும். எண்ணியதைத் தனக்குள்ளேயே வைத்திருந்து, போனுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒப்பித்துவிடும். ஒரு நாளைக்கு நூற்றிருபது மடக்கு. எண்பது சதவீதம் செய்தால் வாரம் ஒரு பொட்டலம்: கட்டுத்துணி, பஞ்சு, மருந்து. அதற்குக் குறைந்தால் 'ஒத்துழையாதவர்', பொட்டலம் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணிக்குக் கோயமுத்தூரிலிருந்து மேற்பார்வையாளர் வீடியோவில் வருவார்.

முதல் சிக்கல், லயத்தில் சிக்னல் இல்லை. எஸ்டேட்டிலேயே சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் மூடப்பட்ட ஆஸ்பத்திரியின் கட்டுப்போடும் அறைதான். ஆனால் திட்டம் இல்லப் பயிற்சித் திட்டம். ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்தால் செல்லாது. நான் எழுதிக் கேட்டேன். ஒரு வாரத்தில் தீர்வு வந்துவிட்டது. 'இல்லம்' என்று எழுதிய ஒரு பலகையை அனுப்பி வைத்தார்கள். கட்டுப்போடும் அறை வாசலில் அதை ஆணியடித்து மாட்டினேன். காலை ஊன்றக் கூடாத தெய்வம்மா வாரத்தில் இரண்டு நாள் காம்பிராவிலிருந்து கால் மைல் ஏறி தன் இல்லத்துக்கு வர ஆரம்பித்தாள்.

"வணக்கமுங்கம்மா, பொற்பாதத்துல இருந்து ஜீவிதா பேசறனுங்க. நல்லா இருக்கீங்ளா?" போனில் தெரிந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். காதில் பெரிய ஹெட்போன்.

"நான் இருக்கேன் புள்ள. காலுதான் நல்லால்ல."

"ரொம்ப சந்தோஷமுங்கம்மா. இன்னைக்கு நம்ம கணுக்காலுக்கு நன்றி சொல்லி ஆரம்பிக்கலாமுங்ளா?"

"மொதல்ல இந்தப் புண்ணப் பாத்துட்டுச் சொல்லு மவளே. நேத்துலருந்து தண்ணியா வடியுது." தெய்வம்மா காலைத் தூக்கிப் போனுக்கு முன்னால் காட்டினாள்.

திரை சிவந்தது. 'முகம் கண்டறியப்படவில்லை. ஆள்மாறாட்டத்தைத் தவிர்க்க இணைப்பு துண்டிக்கப்படுகிறது.'

மறுபடி போட்டோம். முகத்தைக் காட்டினாள், ஜீவிதா வந்தாள். காலைக் காட்டினாள், ஜீவிதா போனாள். மூன்றாவது தடவை நான் ஒரு யோசனை சொன்னேன். தெய்வம்மா பெஞ்சில் சாய்ந்து, இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்து, தொட்டில் பிள்ளை விரல் சூப்புவதுபோல் கன்னத்தோரம் கொண்டுவந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி மடங்குவதென்றால் சும்மாவா? முகமும் பாதமும் சேர்ந்தே தெரிந்தன. திரையில் இப்படி வந்தது: 'இரண்டு முகங்கள் கண்டறியப்பட்டுள்ளன. நோயாளி தனியாக இருக்கவும்.'

பிறகு நான் புண்ணைத் தனியாகப் படமெடுத்து அனுப்பிப் பார்த்தேன். நோயாளியின் புண் அவருடைய அந்தரங்கத் தகவல், அதைச் சேகரிக்கத் திட்டத்துக்கு அனுமதியில்லை, இனி இப்படிச் செய்ய வேண்டாம் என்று பதில் வந்தது.

ஏறி இறங்கியதில் கால் வீங்கியது. பட்டை வீக்கத்தில் உரசி, கணுக்காலிலும் தோல் உரிந்தது. நூற்றிருபது மடக்க வேண்டிய இடத்தில் அறுபது மடக்கிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இரண்டாவது வாரம் ஐம்பத்து நான்கு சதவீதம். பொட்டலம் நின்றது. அதற்குப் பதிலாக, நான் சார்ஜுக்குப் போட்டு வைத்திருந்த போனில், விடிந்ததும் விடியாததுமாக ஓர் ஆண் குரல் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தது. "அன்புள்ள தெய்வம்மா! உங்கள் பாதம் உங்களுக்காகக் காத்திருக்கிறது!" பாதம் எங்கே போகும்? அது வீங்கிப்போய்க் காம்பிராவில் படுத்துக் கிடந்தது.

நான்கு ஞாயிற்றுக்கிழமை நானே அவள் காம்பிராவுக்குப் போனேன். வாசலிலேயே மஞ்சள் டீ-சர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பனியனோடு உட்கார்ந்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஒளித்து வைத்திருந்த மிச்ச மருந்தை வைத்துப் புண்ணைக் கழுவிக் கட்டினேன். புண் சிவந்து, ஓரத்தில் நல்ல சதை பிடிக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்தாவது ஞாயிறு மருந்து தீர்ந்தது. என்னிடமிருந்த கடைசி கட்டுத்துணியைத் துவைத்துக் காயப்போட்டு இரண்டாம் தடவை கட்டினேன். இதைத் தப்பென்று எனக்குச் சொல்லிக் கொடுத்த டாக்டர் உயிரோடிருந்தால் என்னை அடித்திருப்பார்.

அப்போதுதான் வீரம்மா நுழைந்தாள். தெய்வம்மாவின் பக்கத்துக் காம்பிரா, முப்பது வருடமாக ஒரே காட்டில் பக்கத்து நிரையில் நிற்பவள்.

"பொட்டலம் வர்றதுக்கு என்னா வேணும்? கணக்கு நெறையணும். அம்புட்டுத்தானே?" என்றாள். "நாம கை போட மாட்டமா?"

கை போடுவது எங்கள் எஸ்டேட்டில் பழைய வழக்கம். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. நிறைந்தால் முழுப் பேர், அதாவது முழுநாள் கூலி. குறைந்தால் அரைப் பேர். காய்ச்சலோடு வந்தவள், பிள்ளை பெற்று அப்போதுதான் வேலைக்குத் திரும்பியவள், இப்படி எவளுக்காவது கூடை நிறையவில்லை என்றால், எடைக்குப் போகும் வழியில் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை கொழுந்து அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். ஒருத்திக்கும் பெரிதாகக் குறையாது, அவளுக்குப் பேர் விழுந்துவிடும். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் நன்றியும் சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் பட்டை வீரம்மாவின் காலில் காட்டுக்குப் போனது. பத்து மணிவரை வீரம்மா, பிறகு ஆண்டாயி, பிறகு மூக்கம்மா. இப்படி ஒன்பது பெண்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் தெய்வம்மாவின் கணுக்காலை மடக்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அதில் கள்ளத்தனமே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன், பொட்டலம் வேண்டியிருந்தது. சாயங்காலம் பட்டையைப் போனுக்குப் பக்கத்தில் வைத்ததும் திரையில் எண் ஓடியது. எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.

செவ்வாய்க்கிழமை ஜீவிதா சத்தமே போட்டுவிட்டாள். "ஏனுங்கம்மா! என்னுங்க பண்ணுனீங்க? ஏழாயிரத்தி இருநூறு சதவீதமுங்க! எங்க ஆபீஸ்ல எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாக்கறாங்க!"

"எல்லாம் ஆண்டவன் செயலு," என்றாள் தெய்வம்மா, பாதத்தைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டு.

பொட்டலம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு வந்தன. ஆனால் கொழுந்துக் காட்டுக்காரிகள் மறக்கவே கூடாத ஒன்றை அந்த ஒன்பது பேரும் மறந்துவிட்டார்கள். கணக்குக்கு மேல் எவளாவது ரொம்பப் பறித்துக் காட்டினால் அடுத்த வாரம் கணக்கையே ஏற்றிவிடுவார்கள். அதனால்தான் நல்ல பறிப்புக்காரி கணக்கை இரண்டு கிலோ தாண்டியதும் கையை மெதுவாக்கிக்கொள்வாள். இங்கே யாருக்கும் அந்த யோசனை வரவில்லை. மருந்துதானே, அளவில்லாமல் இருந்தால் நல்லதுதானே என்று ஓட்டியிருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை செய்தி வந்தது: 'வாழ்த்துகள் தெய்வம்மா! உங்கள் தினசரி இலக்கு 9,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது.'

இனிக் குறைத்தால் பொட்டலம் நிற்கும். ஆகவே பட்டை ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வெடுக்கவில்லை. மூக்கம்மா கோத்தகிரிச் சந்தைக்கு அதைக் கட்டிக்கொண்டு போனாள். ஆண்டாயி அவள் தம்பி கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய் வந்தாள், அன்றைக்குப் பதினோராயிரம்.

இலக்கு தவறாமல் முப்பது நாள் முடிந்ததும் தெய்வம்மா 'மீண்டவர்' என்ற பட்டியலுக்கு உயர்த்தப்பட்டாள். அதற்கென்று பச்சை நிறத்தில் ஒரு சான்றிதழ் வந்தது. மீண்டவருக்குப் பொட்டலம் தேவையில்லை என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

அந்த வாரம் கட்டைவிரல் கறுத்தது.

நானும் வீரம்மாவும் அவளை இரண்டு பஸ் மாற்றி டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சீட்டு எழுதும் இடத்தில் தெய்வம்மாவின் எண்ணைத் தட்டினார்கள். கம்ப்யூட்டர் பச்சையாகச் சிரித்தது.

"இவங்க மீண்டவருங்க," என்றார் அங்கிருந்தவர். "கால் டாக்டர்கிட்ட அனுப்பச் சீட்டு விழாது. திட்டத்துல இருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கிட்டு வாங்க."

"கால ஒரு தடவ பாருங்கையா," என்றாள் வீரம்மா.

"நான் சீட்டு எழுதறவனுங்க. கால் பாக்கறவரு உள்ள இருக்காரு. சீட்டு இருந்தாத்தான் உள்ள போக முடியும்."

விடுவிப்புக் கடிதத்துக்கு நான் எழுதினேன். திட்டத்திலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டு என்று பதில் வந்தது. தொடர்ந்து தொண்ணூறு நாள் ஒத்துழையாமை. அல்லது மரணம், உரிய சான்றிதழுடன்.

அஜய் அந்த மாதம் பக்கத்து எஸ்டேட்டில் இன்னொரு ஆஸ்பத்திரியை மூட வந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் போய் அவர் முன்னால் நின்றோம். வீரம்மா எதையும் மறைக்கவில்லை. ஒன்பது பேர் பெயரையும் சொன்னாள், சந்தையையும் கல்யாணத்தையும் சொன்னாள். "தப்பு எங்க மேலதான் சாமி. எங்களுக்கு என்னா தண்டன வேணும்னாலும் குடுங்க. அவளுக்கு அந்தக் கடிதத்தக் குடுங்க."

அஜய் பொறுமையாகக் கேட்டார். அவருக்குக் கோபமே வராது. "அம்மா, எங்கள் பட்டையை ஏமாற்ற முடியாது என்று ஏழு நாட்டில் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் ஏமாற்றியதாகச் சொல்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் சொல்வது நடந்திருக்க முடியாது, இல்லையா?"

"இந்தாருக்கு கால். பாருங்கையா," என்று தெய்வம்மா துணியைப் பிரிக்கப் போனாள்.

அவர் பதறி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேண்டாம், வேண்டாம். நான் பார்த்தால் அது என் சொந்த அபிப்பிராயம். பட்டை பார்த்தால்தான் அது தரவு. என் கண்ணில் பட்டதற்காக ஒரு காலுக்கு விதியை மாற்றினால், நாளைக்கு ஒவ்வொரு காலாக வந்து நிற்கும். நான் ஒரு காலுக்காக வேலை செய்யவில்லை அம்மா. நாலாயிரம் கால்களுக்காக வேலை செய்கிறேன்." பிறகு என்னைப் பார்த்து, "டீ-சர்ட் எங்கே?" என்று கேட்டார்.

போகும்போது ஒரு நல்ல செய்தி சொன்னார். தெய்வம்மா மாநில அளவில் 'சிறந்த பாதம்' விருதுக்குத் தேர்வாகியிருக்கிறாள். விழா எங்கள் பெரட்டுக் களத்திலேயே நடக்கும்.

பத்து நாள் கழித்து விழா. தெய்வம்மாவுக்கு அன்று காய்ச்சல் கொதித்தது. வர வேண்டாம் என்று நான் சொன்னேன். விருது வாங்காவிட்டால் ஒத்துழையாமையாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தொண்ணூறு நாளில் ஒரு நாள் கழியுமே என்று வீரம்மா கணக்குப் போட்டாள். துரை ஜீப்பையே அனுப்பிவிட்டதால் அந்தக் கணக்கும் பலிக்கவில்லை. நானும் வீரம்மாவும் இரண்டு பக்கமும் தாங்கி மேடையேற்றினோம். முன் வரிசையில் இருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். குளிருக்காக என்று நினைத்தாரோ என்னவோ, துரை சாம்பிராணி போடச் சொன்னார்.

"ஒரே நாளில் பதினோராயிரம் அசைவு!" என்றார் அஜய் மைக்கில். "ஒரு எளிய தோட்டத் தொழிலாளி! ஆஸ்பத்திரி இருந்த காலத்தில் இந்த எஸ்டேட்டில் யாராவது இப்படிக் காலை அசைத்ததுண்டா? ஆஸ்பத்திரிதான் இவர்களைச் சோம்பேறியாக்கி வைத்திருந்தது என்று இப்போது புரிகிறது. இவரைப் பார்த்த பிறகு இந்த மலையில் இன்னும் ஆறு ஆஸ்பத்திரிகளை நாங்கள் நம்பிக்கையோடு மூடப் போகிறோம்."

மைக்கைத் தெய்வம்மாவிடம் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"சாமி, கால் நாறுதுங்க," என்றாள். "இங்க டாக்டரு யாராச்சும் இருந்தா கொஞ்சம் பாருங்க."

கூட்டம் அஜயைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அஜய் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். "எவ்வளவு பணிவு பாருங்கள்," என்றார். சால்வையைப் போர்த்தும்போது அவள் அப்படியே மடங்கி விழுந்தாள். "உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்," என்று மைக்கில் அறிவித்தார்கள்.

ஒலிபெருக்கி கட்டியிருந்த ஜீப்பில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினோம். வழி முழுக்க அவள் பாதம் என் மடியில் இருந்தது. தூய்மை கெட்டதா கெடவில்லையா என்று பார்க்க அங்கே யாருமில்லை. இந்த முறை சீட்டு கேட்கவில்லை. நினைவில்லாமல் வருபவர்களுக்கு வேறு வாசலாம், அந்த வாசலில் கம்ப்யூட்டர் இல்லை. சின்ன வயது டாக்டர் ஒருவர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இவ்வளவு நாள் என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?" அவர் கண் என் நெஞ்சில் அச்சடித்திருந்த பாதத்தில் நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்றார். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஒன்பது பெண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்க்கப் போனார்கள். வார்டுக்கு உள்ளே போக ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. வீரம்மாவை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"நாங்க போட்ட கைதான்டி ஒன் கால எடுத்துருச்சு."

தெய்வம்மா கட்டிலில் அவள் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். அப்புறம், "நீ கை போட்ட. எட போட்டவன் கூடைக்குள்ள எட்டிப் பாக்கல. அதுக்கு நீ என்னா செய்வ, எந்திரி," என்றாள். வீரம்மா எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் காட்டில் எவளும் எவள் கூடையிலும் கை போடுவதில்லை. காய்ச்சலோடு வருபவள் அரைப் பேரோடு திரும்பிப் போகிறாள்.

தெய்வம்மா ஊன்றுகட்டையோடு லயத்துக்கு வந்து சேர்ந்தபோது எஸ்டேட் ஆபீஸிலிருந்து கடிதம் காத்திருந்தது. காம்பிராவை மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். திருப்பூரில் ராஜகுமாரி நான்கு பெண்களோடு ஒரு அறையில் இருக்கிறாள். வேறு அறை பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போன் அடித்தது. தெய்வம்மாவால் மேலே இல்லத்துக்கு ஏற முடியாது என்பதால், லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் அவளை முன்னாலேயே நிற்க வைத்து, நான் போனை உயர்த்திப் பிடித்திருந்தேன். விட்டு விட்டு ஒரு கோடு சிக்னல் வந்தது. முகம் கண்டறியப்பட்டது.

"வணக்கமுங்கம்மா, ஜீவிதா பேசறனுங்க. ரொம்ப நாளா உங்க பட்டை அசையவே இல்லீங்ளே. பரவால்லீங்க. இன்னைக்கு நிறைவு மதிப்பீடுங்க. ஒரே ஒரு கேள்விதான். வலது பாதத்துல புண் இருக்குதுங்ளா? ஆம், இல்லை, ரெண்டுல ஒன்னு சொல்லுங்க."

தெய்வம்மா என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா," என்றேன் நான். "அந்தப் பாதமே இல்லம்மா. காலை எடுத்து ஆறு வாரம் ஆச்சு. உங்க ஆபீசுக்கு மூணு கடிதாசி போட்டிருக்கேன்."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. திரையில் அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தியிருந்தாள்.

"எனக்கு யாருமே சொல்லலீங்க," என்றாள் கடைசியாக. "ஒரு தடவ காட்ட வந்தீங்க. கட்டாயிருச்சு. மறுபடி கேட்டிருக்கோணும், நான் கேக்கலீங்க." அழுகையை அடக்கிக்கொண்டு திரையில் எதையோ தேடினாள். "இதுல ரெண்டு கட்டந்தானுங்க இருக்குது. ஆமுன்னு போட்டா ஏன் ஆறலைன்னு எனக்கு மெமோ வரும், வேலைய விட்டு எடுத்துருவாங்க. எதும் போடாம அடுத்த பக்கம் போக உடாதுங்க. நான் என்னங்கம்மா போடறது?"

தெய்வம்மா ஒரு கையால் ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்னிடமிருந்து போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அழாத புள்ள," என்றாள். "இல்லன்னு போட்டுக்க. அது பொய்யில்லையே."